வீல் ஹார்ஸ் சி-120: கழட்டி சரிபண்ணி 3 வருஷம் வேலை வாங்கின பிறகு எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது 1970கள்ல வந்த ஒரு கார்டன் டிராக்டர் பத்தின ரிவ்யூ. வீட்டைச் சுத்தி புல்லு மட்டும் வெட்டினா போதும்னு இருக்கறவங்களுக்கு இது தேவையில்ல, ஒரு புது ரைடிங் மோவரே போதும், அது சத்தமும் கம்மி, பெட்ரோலும் கம்மியா குடிக்கும். ஆனா வீட்டோட சேர்ந்து கொஞ்சம் நிலம் இருக்கு, காய்கறி பாத்தி உழணும், ஜல்லி பாதை நிரவணும், விறகு இழுக்கணும், மண்ணு தள்ளணும், இது எல்லாத்தையும் ஒரே வண்டில பாக்கணும்னு நினைக்கறவங்க இதை முழுசா படிங்க. 3 வருஷமா வாரத்துல ரெண்டு மூணு நாள் இதுல உக்காந்து வேலை பண்ணிட்டு எழுதறேன்.

கொஞ்சம் பின்னணி. வீல் ஹார்ஸ் கம்பெனியை 1946ல அமெரிக்காவோட இண்டியானா மாநிலம் சவுத் பெண்ட்ல எல்மர் பாண்டும் அவர் பையன் செசில் பாண்டும் ஆரம்பிச்சாங்க. 1974ல அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கிச்சு, 1986ல டோரோ கைக்குப் போச்சு. பல குதிரை பூட்டின வண்டில சக்கரத்துக்குப் பக்கத்துல, பாரத்தை நேரா தாங்கற மாதிரி கட்டற குதிரைக்குத்தான் ஆங்கிலத்துல வீல் ஹார்ஸ்னு சொல்வாங்க. அந்தப் பேரு இந்த வண்டிக்கு ரொம்பப் பொருத்தம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இதுல பாராட்ட வேண்டிய விஷயம் எல்லாமே பின்பக்கம்தான் இருக்கு. வார்ப்பிரும்பு டிரான்ஸாக்சில், அதாவது கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் ஒரே பெட்டியா இருக்கறது, உள்ள எல்லாம் கியர். 8-ஸ்பீடுன்னு சொல்றது முன்னாடி 6, பின்னாடி 2. ஹை லோன்னு ரேஞ்ச் லீவர் ஒண்ணு தனியா இருக்கும். லோ ரேஞ்ச்ல முதல் கியர் போட்டீங்கன்னா ஆமை மாதிரி நகரும், ஆனா எதை மாட்டினாலும் இழுத்துட்டுப் போயிடும்.

முன்னாடி கோலர்ங்கற கம்பெனியோட கே301 இன்ஜின், 12 ஹெச்பி, ஒரே சிலிண்டர், பிளாக்கும் வார்ப்பிரும்புதான். ஹெட்டுல வால்வு கிடையாது, பிளாக்குலயே பக்கவாட்டுல நிக்கிற சைடு வால்வ் டைப்பு. காத்துல குளிர்ற இன்ஜின். போர் 3 3/8 இன்ச், ஸ்ட்ரோக் 3 1/4 இன்ச், மொத்தம் 29 கன இன்ச்சுக்கு மேல, சிசில சொன்னா 476 வரும். ஒரே பிஸ்டன்ல அவ்ளோன்னா அந்த அடி எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஐடில்ல ஓடும்போது சீட்ல உக்காந்தா ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியா உடம்புல தெரியும்.

நான் வாங்கினப்போ வண்டி ஓடல. பல வருஷமா ஒரு ஷெட்ல ஓரமா கிடந்தது, டயர் நாலும் தரையோட படிஞ்சு போயிருந்தது, டேங்க்ல இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாசனை அடிச்சுது. விக்கறவர் பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமான்னு கேட்டார், நான் வேண்டாம்னுட்டேன். இதை வாங்கப்போற எல்லாருக்கும் சொல்றேன், வருஷக்கணக்கா நின்ன இன்ஜினை எடுத்த எடுப்புல செல்ஃப் அடிக்காதீங்க. பிளக்கை கழட்டி அந்த ஓட்டைல கொஞ்சம் ஆயில் ஊத்தி ஒரு நாள் விட்டு, அப்புறம் கையால ஃபிளைவீலை மெதுவா திருப்பிப் பாருங்க. நான் அப்படித் திருப்பினப்போ பிஸ்டன் ஏறி இறங்குச்சு, ஆனா கம்ப்ரஷன் சுத்தமா இல்ல. எக்ஸாஸ்ட் வால்வு மேல தூக்கின வாக்குலயே ஒட்டி நின்னுடுச்சு. அப்படியே செல்ஃப் அடிச்சிருந்தா உள்ள என்ன ஆயிருக்கும்னு தெரியாது.

அடுத்து இன்ஜின் மேல இருக்கற தகரக் கூட்டைக் கழட்டுங்க. இதை நிறைய பேரு பண்றதில்ல. எனக்கு அதுக்குள்ள எலி கட்டின கூடு ஒரு கூடை நிறைய வந்துது, வைக்கோல், பஞ்சு, எதோ கோணித் துணி, எல்லாம் சிலிண்டர் ஃபின்னுக்கு நடுவுல அடைச்சு இருந்தது. காத்துல குளிர்ற இன்ஜினுக்கு அது மூக்கைப் பொத்தின மாதிரி, அரை மணி நேரம் லோடுல ஓட்டினாலே சூடேறி ஹெட் கேஸ்கட் போயிடும், அதுக்கு மேல போனா பிஸ்டனே பிடிச்சுக்கும். 6 போல்ட்டு கழட்டற சோம்பேறித்தனத்துல ஒரு நல்ல இன்ஜினை கொல்லக் கூடாது.

ஹெட்டைத் திறக்கறது ரொம்ப சுலபம். சைடு வால்வ்ங்கறதால ஹெட்டுங்கறது வெறும் ஒரு மூடிதான், போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துடும், வால்வு ரெண்டும் கண்ணு முன்னாடி. கார்பனை மரச் சில்லால சுரண்டினேன், ஒட்டின வால்வை பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு மெதுவா தட்டித் தட்டி இறக்கினேன். கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வை சீட்ல வச்சு உருட்டினது எங்க மாமா. அவர் கை பழக்கம் அப்படி, உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல குச்சியை வச்சு மத்து கடையற மாதிரி முன்னும் பின்னும், நடுவுல தூக்கித் தூக்கி கால் சுத்து திருப்பி வைப்பார். "சாம்பல் கலர்ல வளையம் முழுசா ஒரே அகலத்துல வரணும்டா, ஒரு இடத்துல விட்டுப் போனாலும் மறுபடி முதல்லேந்து"ன்னு சொல்லிக்கிட்டே பண்ணார். டாப்பெட் கேப், அதாவது வால்வோட காலுக்கும் அதைத் தூக்கற டாப்பெட்டுக்கும் நடுவுல விடற இடைவெளி, இன்டேக்குக்கு 0.008லேந்து 0.010 இன்ச், எக்ஸாஸ்ட்டுக்கு 0.017லேந்து 0.020. இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது ஃபீலர் கேஜ் வச்சுப் பாக்கணும். இந்த இன்ஜின்ல டாப்பெட்டை ஸ்பேனர் போட்டே அட்ஜஸ்ட் பண்ணலாம், இந்த மாதிரி சின்ன இன்ஜின் பலதுல வால்வோட காலைத் தேய்ச்சுத்தான் கேப் வைக்க முடியும். யோசிச்சு செஞ்சிருக்காங்க.

இக்னிஷன் பத்தி கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா ஸ்டார்ட் ஆகாத கோலர்ல பாதிக்கு மேல வியாதி இங்கதான்னு என் அனுபவம். பேட்டரி, காயில், கண்டென்சர், பாயிண்ட், அவ்ளோதான், எலக்ட்ரானிக் எதுவும் இல்ல. பாயிண்ட்ங்கறது மூடித் திறந்து ஸ்பார்க் விழ வைக்கற சின்ன சுவிட்ச், அது இன்ஜினுக்கு வெளில பக்கவாட்டுல ஒரு சின்ன மூடிக்குள்ள இருக்கு, ஃபிளைவீலைக் கழட்ட வேண்டிய அவசியமே இல்ல, கேம்ஷாஃப்ட்லேந்து ஒரு சின்ன புஷ்ராடு வந்து அதைத் தூக்கும். கேப் 0.020 இன்ச்சுன்னு வச்சா ஓடும். ஆனா அதோட நிக்காதீங்க. ஃபிளைவீல்ல எஸ், டின்னு ரெண்டு குறி இருக்கு, ஒரு பார்வை ஓட்டை வழியா தெரியும், டி வந்தா பிஸ்டன் உச்சில இருக்குன்னு அர்த்தம், எஸ் வரும்போது ஸ்பார்க் விழணும், அதாவது உச்சிக்கு 20 டிகிரி முன்னாடி. பிளக்கை வெளில எடுத்துட்டு, ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்போட ஒரு முனையை பாயிண்ட் டெர்மினல்லயும் இன்னொண்ணை இன்ஜின் பாடிலயும் கொடுத்து சாவியை ஆன் பண்ணிட்டு, ஃபிளைவீலை ஓடற திசைல கையால இம்மி இம்மியா நகத்துங்க. பாயிண்ட் மூடி இருக்கற வரைக்கும் லாம்ப் எரியாது, திறக்கற நொடில பளிச்னு எரியும். அந்த நொடில எஸ் குறி ஓட்டைக்கு நடுவுல இருக்கணும். எனக்கு அது அரை விரக்கடை தள்ளி இருந்தது. பாயிண்ட் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஒரு மயிரிழை நகத்தினேன், மறுபடி சுத்தினேன், ஏழெட்டு தடவை பண்ணப்புறம் குறி நடுவுல நிக்க லாம்ப் எரிஞ்சுது. பிளக் கேப் 0.035 வச்சு மாட்டி சாவியைத் திருப்பினா ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. அந்த சத்தத்தைக் கேட்டு வீட்ல எல்லாரும் வெளில ஓடி வந்துட்டாங்க.

கார்பரேட்டர்ல மட்டும் நான் தப்பு பண்ணி நேரத்தை இழந்தேன். பழசு அழுக்கா இருக்கேன்னு ஒரு கடைல புது காப்பி கார்பரேட்டர் வாங்கி மாட்டினேன். பார்க்க பளபளன்னு இருந்தது, ஆனா இன்ஜின் ஒரே மாதிரி நிக்கவே இல்ல, ஏறும் இறங்கும், லோடு கொடுத்தா மக்கர் பண்ணும், ரெண்டு வாரம் அதைப் பிடிச்சுக்கிட்டு அல்லாடினேன். கடைசில பழைய வார்ப்பிரும்பு கார்பரேட்டரையே எடுத்து முழுசா பிரிச்சு, கிளீனர்ல ஊறப்போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலயும் மெல்லிசு செம்புக் கம்பி விட்டு காத்து அடிச்சு, கேஸ்கட் கிட்டு புதுசா போட்டு மாட்டினேன், அன்னிக்கே தாளம் தப்பாம ஓட ஆரம்பிச்சுது. அதனால ஒரிஜினல் கார்பரேட்டரைத் தூக்கிப் போடாதீங்க. அதுல மெயின் நீடில், ஐடில் நீடில் ரெண்டையும் நாமளே திருகி வச்சுக்கலாம், மூடும்போது விரல் நுனில மெதுவா உக்காந்ததும் நிறுத்திடணும், இறுக்கினா நீடில் முனைல வளையம் விழுந்துடும், அப்புறம் எப்படித் திருகினாலும் சரியா வராது.

பின்னாடி சக்கரத்து ஹப் கழட்டற வேலைதான் இந்த வண்டில பொறுமையை சோதிக்கற வேலை. ஆக்சில் ஆயில் சீல் ரெண்டும் ஒழுகுச்சு, அதை மாத்தணும்னா ஹப் வந்தாகணும். ஹப் ஆக்சில்ல சாவி (ரெண்டும் சேர்ந்து சுத்தறதுக்காக பள்ளத்துல செருகற சின்ன இரும்புத் துண்டு) கொடுத்து செட் ஸ்க்ரூ வச்சு இறுக்கியிருக்கும், 50 வருஷத் துருவுல ரெண்டும் ஒரே இரும்பா ஆயிடுச்சு. முதல்ல செட் ஸ்க்ரூவை முழுசா வெளில எடுங்க, அது உள்ள இருக்கறது தெரியாம புல்லர் (ஹப்பை இழுத்துக் கழட்டற கருவி) போட்டு ஹப்பை உடைச்சவங்க இருக்காங்க. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஒரு வாரம் காலை சாயந்திரம் விட்டேன். புல்லரை மாட்டி நல்லா இறுக்கி, ஹப் மேல சுத்தியால சுத்திச் சுத்தி தட்டி, அப்படியே ராத்திரி விட்டுட்டுப் போயிடுவேன். மறுநாள் இன்னும் கால் சுத்து. நாலாவது நாள் சாயந்திரம் நான் தொடக்கூட இல்ல, பக்கத்துல நின்னு வேற வேலை பாத்துக்கிட்டு இருந்தேன், டமார்னு ஒரு சத்தம், ஹப் ஒரு இன்ச் வெளில வந்து நிக்குது. ஆக்சில் முனைல மட்டும் சுத்தியால அடிக்கவே கூடாது, முனை விரிஞ்சு போச்சுன்னா ஹப்பும் வராது சீலும் ஏறாது. திரும்ப மாட்டும்போது ஹப்பை நல்லா இறுக்கி, ஒரு பத்து மணி நேரம் ஓட்டினதும் மறுபடி செக் பண்ணுங்க, லூஸா ஓடினா சாவிப் பள்ளம் தேஞ்சு ஹப்பே வீணாப் போகும்.

துரு எடுக்க எலக்ட்ராலிசிஸ் பண்ணேன். பெரிய பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, அதுல வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜரோட நெகடிவ் நம்ம பார்ட்ல, பாசிடிவ் வேண்டாத பழைய இரும்புத் தகட்டுல. ராத்திரி முழுக்க விட்டா காலைல துரு கறுப்பு சேறா மாறி பிரஷ் போட்டா உதிரும், நல்ல இரும்பு தேயாது. திறந்த வெளில பண்ணுங்க, ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்துல நெருப்பு கூடாது. பாசிடிவ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாட்டாதீங்க, விஷமான குரோமியம் தண்ணில கலந்துடும். பெயிண்ட் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, துரு எடுத்த அன்னிக்கே பிரைமர் அடிச்சு, ரெண்டு கோட் சிவப்பு அடிச்சேன், ஸ்டிக்கர் புதுசா கிடைக்குது. ஆனா பெயிண்ட்டை கடைசில வச்சுக்கோங்க. முதல் வருஷம் நான் துருவோடவே ஓட்டினேன், எங்க ஒழுகுது எங்க ஆடுதுன்னு எல்லாம் தெரிஞ்சு மறுபடி கழட்டினப்போதான் பெயிண்ட் அடிச்சேன். முதல்லயே அடிச்சிருந்தா அத்தனையும் ஸ்பேனர் பட்டு உரிஞ்சிருக்கும்.

இப்போ வேலைல எப்படின்னு பாப்போம்.

உழறதுல எனக்கு ரொம்ப திருப்தி. 10 இன்ச் ஒத்தைக் கலப்பை பின்னாடி மாட்டி, லோ ரேஞ்ச் ரெண்டாவது கியர். முதல் சாலு தரைக்கு நேரா போகும், ரெண்டாவது சாலுலேந்து வலது பக்க சக்கரம் ரெண்டும் சாலுக்குள்ள இறங்கிடும், வண்டி ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே போகும், பழகிட்டா ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூட தேவையில்ல, சாலே வண்டியை வழிநடத்தும். ஆனா புல்லு டயரோட போனீங்கன்னா ஈர மண்ணுல ஒரு சக்கரம் சும்மா சுத்தும். பின் சக்கரத்துக்கு வெயிட் மாட்டுங்க, முடிஞ்சா வி வடிவ பட்டை வச்ச விவசாய டயரே போடுங்க, என் வண்டில 23x8.50-12 சைஸ். அதுக்கப்புறம் வழுக்கல் அநேகமா நின்னுடுச்சு.

முன்னாடி பிளேடு மாட்டி ஜல்லி நிரவறேன், மண்ணு தள்றேன். பிளேடைத் தூக்கி இறக்கறது கை லீவர்தான், ஹைட்ராலிக் என் வண்டில இல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனா தோள்பட்டை வலிக்கும். வலுவா இருக்கறவங்களுக்கு பிரச்சினை இல்ல, வயசானவங்க வாங்கறதா இருந்தா ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கற மாடலாப் பாத்து வாங்குங்க. கியர் மாத்தணும்னா வண்டியை நிறுத்தித்தான் மாத்தணும், ஓட்டத்துல மாத்தினா பல்லு கடிக்கும். கிளட்ச்னு மிதிக்கறது உண்மைல பெல்ட்டை லூஸ் பண்றதுதான், அதனால பெல்ட் ஒழுங்கான சைஸ்ல இருக்கணும், கார் ஃபேன் பெல்ட்டை மாட்டி ஓட்டாதீங்க, மிதிச்சாலும் விடாது, வண்டி தன்னால நகரும், ஆபத்து.

வண்டிக்கு அடில மாட்டற 42 இன்ச் புல்லு வெட்டற டெக்குல புல்லு நல்லா வெட்டும், அடர்த்தியான புல்லுலயும் இன்ஜின் இறங்காது. ஆனா டெக்கு கனம், மாட்டிக் கழட்டறது ஒரு வேலை, மரத்தைச் சுத்தி வளைச்சு வெட்டறதுக்கு புது மோவர் அளவுக்கு இது திரும்பாது. ஸ்பிண்டில் பேரிங்கைப் புதுசா போட்டு அடிக்கடி கிரீஸ் அடிங்க.

ஆயில் விஷயத்துல கண்டிப்பா இருங்க. கே301ல ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடு அடில ஒரு சின்ன கரண்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அது ஒவ்வொரு சுத்துலயும் ஆயில்ல முங்கி எல்லாப் பக்கமும் தெளிக்கும். ஆயில் மட்டம் இறங்கிச்சுன்னா கரண்டிக்கு எட்டாது, அலுமினிய ராடு கிராங்க்ல பிடிச்சுக்கிட்டு ரெண்டா உடையும், சில சமயம் பிளாக்கையே ஓட்டை போட்டுட்டு வெளில வரும். அதனால ஒவ்வொரு தடவை ஏறி உக்காரறதுக்கு முன்னாடியும் டிப்ஸ்டிக் பாக்கறேன். இதே காரணத்துக்குத்தான் செங்குத்தான சரிவுல குறுக்கால ஓட்டவும் மாட்டேன், ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும், வண்டியும் கவிழும், தலைக்கு மேல பாதுகாப்புக் கம்பி எதுவும் கிடையாது.

பாதுகாப்புல இன்னொண்ணு. எனக்கு முன்னாடி இதை வச்சிருந்தவங்க யாரோ சேஃப்டி சுவிட்ச் வயரை எல்லாம் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தாங்க, அதாவது புல்லு வெட்டற பிளேடு ஆன்ல இருக்கும்போதே, கிளட்ச் மிதிக்காமயே ஸ்டார்ட் ஆகும். பழைய வண்டி வாங்கினா முதல் நாள் பாக்க வேண்டியது இதுதான். நான் வயரிங்கை முழுசா புதுசா இழுத்தேன், சீட்டுக்கு அடில ஒரு சுவிட்ச் சேர்த்தேன், எழுந்தா இன்ஜின் நின்னுடும். வீட்ல குழந்தைங்க ஓடியாடற இடத்துல இது இல்லாம பிளேடை ஆன் பண்றது சரியில்ல. சத்தமும் அதிகம், காதுக்கு மஃப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டறேன்.

பார்ட்ஸ் கிடைக்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. கோலர் கே சீரிஸ் பல கம்பெனி கார்டன் டிராக்டர்ல போட்ட இன்ஜின், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட கப் கேடட், ஜான் டீயர் 110 எல்லாத்துலயும் இதே குடும்பத்து இன்ஜின்தான், அதனால பிஸ்டன், ரிங், ராடு, கேஸ்கட், பாயிண்ட் எல்லாம் இன்னிக்கும் புதுசாவே கிடைக்குது. சர்வீஸ் மேனுவலும் சுலபமா கிடைக்குது, அதை பிரிண்ட் எடுத்து ஷெட்லயே வச்சுக்கோங்க. டிரான்ஸாக்சில் பேரிங்கும் சீலும் நம்பர் கொடுத்தா பேரிங் கடைல எடுத்துடலாம். வண்டிக்கே உரிய தகரம், லீவர், ஹப் மாதிரி சாமான்தான் பழைய வண்டி பிரிக்கறவங்ககிட்ட தேடணும்.

10க்கு மார்க் போடணும்னா உழவுக்கும் இழுவைக்கும் 9, புல்லு வெட்ட 6, நாமளே கழட்டி மாட்டற வசதிக்கு முழு 10. எந்த போல்ட்டைக் கழட்டணும்னாலும் ஸ்பேனர் போக இடம் விட்டிருக்காங்க, அதை ஒவ்வொரு தடவையும் நன்றியோட நினைச்சுக்கறேன். இப்போதைக்கு மிச்சம் இருக்கற வேலை ஸ்டியரிங் மட்டும்தான், விசிறி மாதிரி இருக்கற அந்தக் கியர்ல நடுப் பல்லு தேஞ்சு கால் சுத்து ஆட்டம் இருக்கு, நல்ல கியர் ஒண்ணு கிடைச்சிருக்கு, மழைக்கு முன்னாடி மாத்திட்டு அடுத்த பாத்தியை உழணும்.